திருப்பி வைக்கும் சோப்பு

ரொசாரியோவில் ஜூலை என்றால் குளிர்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
லேப்டாப்பின் சூட்டில் கை காய்ந்தபடி
கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு செயலி
எழுதிக்கொண்டிருந்தேன்.

எளிய சங்கதிதான்.
கையில் இருக்கும் தொகையை முதலில் சொல்ல வேண்டும்.
கூடையில் போடுமுன் பார்கோடைக் காட்ட வேண்டும்.
மிச்சம் எவ்வளவென்று திரை சொல்லும்.
பச்சை, மஞ்சள், சிவப்பு:
தெருமுனை விளக்குக்கு இருக்கும் அறிவு.

சோதித்துப் பார்க்க முதலில் சம்மதித்தவள்
எனக்கு மேல்வீட்டு நெலிதா ஒவியேதோ.
பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறாள். இரண்டு பையன்கள்.
"சிவப்பை எடுத்துவிடு" என்றாள் மறுநாளே.
"அதைக் காட்டத்தான்
கல்லாவில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே."
எடுத்துவிட்டேன். சாம்பல் நிறம் வைத்தேன்.

இரண்டாம் வாரம் கணக்கு உதைத்தது.
செயலி சொன்னது பதினான்காயிரத்து இருநூறு பெசோ.
கல்லா சொன்னது பதினான்காயிரத்துத் தொள்ளாயிரம்.
இரவெல்லாம் கூட்டல் வரிகளைப் பிரித்துப்போட்டுத் தேடினேன்.
பிழை என்னுடையதில்லை.
எண்ணெய் அலமாரியிலிருந்து கல்லாவுக்கு
அவள் வந்து சேர்ந்த இருபது நிமிடத்தில்
ஒரு பையன் பின்னாலேயே
விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.
பழைய சீட்டின்மேல் புதுச்சீட்டு, அதன்மேல் இன்னொன்று.
நகத்தால் கீறினால்
மார்ச் மாதம் வரைக்கும் போகலாம்.

"அந்த எழுநூறுக்கு என்ன செய்தாய்?"
"சோப்பைத் திருப்பி வைத்தேன்."
லாவெண்டர் சோப்பு, மூன்று கொண்ட பெட்டி.
பதிவுகளைப் பார்த்தேன். போன வாரமும் அதே சோப்பு.
எடுத்தது, நீக்கியது. எடுத்தது, நீக்கியது.
தெரியாமல் கைபட்டது என்று
குறித்துவைத்திருந்தேன் நான்.

பையன்கள் கூட வருவார்கள், என்றாள்.
காசு போதாவிட்டால் எதையாவது விட்டாக வேண்டும்.
அது பாலாக இருக்கக் கூடாது.
சின்னவன் எம்பி எடுத்துப் போட்ட பிஸ்கட்டாகவும்.
அதனால், போனால் போகிறதென்று விடக்கூடிய ஒன்றைக்
கூடையின் மேலாக வைத்துக்கொள்வேன்.
"அடடா, இது வீட்டில் இருக்கிறதே" என்று
எடுத்துக் கொடுத்துவிடுவேன்.
நன்றாகவே நடிப்பேன்.

ஐந்து வருடம் படித்த படிப்பில்
இந்த ஒரு கட்டத்தை யாரும் வரைந்து காட்டவில்லை.
அன்றைக்கே சேர்த்தேன்.
பெயர் வைக்கத்தான் வரவில்லை.
"அவசர நிதி": பொய்.
"விருப்பப் பொருள்": அதைவிடப் பெரிய பொய்.
பட்டியலின் அடியில்
பெயரில்லாத காலிக் கட்டமாக விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் அறுபது பேர் செயலியை வைத்திருந்தார்கள்.
அந்தக் கட்டம் எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.
ஒன்பதாம் எண் வீட்டு எவரிஸ்தோ அதில்
சவர பிளேடு போடுகிறார்;
தாடி வளர்ந்துகொண்டே இருக்கிறது.
யாரோ ஒருத்தி, பெயரை மறைத்திருக்கிறாள்,
ஏழு என்ற எண் வடிவில் ஒரு மெழுகுவர்த்தி.
மூன்று வாரம் எடுத்து எடுத்து நீக்கினாள்.
பிறகு பட்டியலில் அது இல்லை.
வேறெங்காவது வாங்கினாளா,
பிறந்தநாள்தான் கடந்துவிட்டதா,
என்னிடம் இருக்கும் தரவு அதைச் சொல்லாது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு பத்தரை.
சர்வர் எனக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது.
நானே எழுதிவைத்த விதிதான்:
வழக்கத்துக்கு மாறான செலவு.
பயனர் எண் ஒன்று.
லாவெண்டர் சோப்பு, ஒரு பெட்டி.
நீக்கப்படவில்லை.

மேலே குழாய் ஓடும் சத்தம் கேட்டது.
பழைய கட்டடம்; யார் திறந்தாலும் கேட்கும்,
எதற்கென்று சொல்ல முடியாது.
விதியைத் திறந்து
அந்த வரியை மட்டும் அழித்தேன்.